ஹோமிசைட் முழுத் தொகுப்பு: எபிசோட் எண்ணை நம்பிப் பார்க்காதீர்கள்

‘ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்’ டிவிடி தொகுப்பை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். 7 சீசன், 122 எபிசோட், கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் படம், எல்லாம் சேர்த்து 35 டிஸ்க். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த போலீஸ் தொடர்களில் இதற்கு இணையாகச் சொல்ல இரண்டு மூன்றுதான் தேறும். ஆனால் முதல் டிஸ்க்கைப் போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொடரின் முதல் மூன்று சீசன்களில் ஒளிபரப்பான வரிசை கதை எழுதியவர்கள் வைத்த வரிசை அல்ல. ரேட்டிங்கைப் பார்த்து என்பிசி சேனல் மாற்றிப் போட்ட வரிசை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பலவும் இன்றுவரை அதையே பின்பற்றுகின்றன. அப்படியே பார்த்தால் ஒரு வழக்கு பின்னோக்கிப் போகும், ஒரு பாத்திரத்தின் முடிவு தாமதமாக வந்து சேரும்.

தொடரைப் பற்றிச் சுருக்கமாக. பால்டிமோர் சன் பத்திரிகையின் நிருபர் டேவிட் சைமன் 1988இல் ஓராண்டு முழுக்க அந்த நகரத்தின் கொலை வழக்குப் பிரிவோடு இருந்து எழுதிய புத்தகம் 1991இல் வந்தது. அதை வைத்துப் பால் அட்டனாசியோ தொடரை உருவாக்கினார். தயாரிப்பில் பாரி லெவின்சனும் டாம் ஃபான்டனாவும். 16 எம்எம் கேமராவைக் கையில் பிடித்தபடி, பால்டிமோரின் ஃபெல்ஸ் பாயின்ட் பகுதியிலேயே எடுத்தார்கள். துரத்தல் குறைவு, துப்பாக்கிச் சத்தம் குறைவு. பேச்சுதான் அதிகம், அதிலும் விசாரணை அறைக்குள் நடக்கும் பேச்சு. அப்படிப்பட்ட தொடருக்கு அமெரிக்காவில் எந்த நேரம் கிடைத்தது என்பதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் தொடங்கியது.

1993 ஜனவரி 31 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிந்த கையோடு முதல் எபிசோட் ஒளிபரப்பானது. ஆண்டிலேயே மிக அதிகம் பேர் டிவி முன் உட்காரும் இரவு அது. கேட்பதற்குப் பெரிய வரம்போலத் தெரியும். ஆனால் கால்பந்து பார்க்க உட்கார்ந்த கூட்டம் வேறு, கொலை வழக்குப் பிரிவின் அலுத்துப்போன முகங்களைப் பார்க்க உட்காரும் கூட்டம் வேறு. அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமை இரவு 9 மணிக்குத் தொடர் போனது. அதே நேரத்தில் போட்டிச் சேனலான ஏபிசியில் ‘ஹோம் இம்ப்ரூவ்மென்ட்’, அப்போது நாட்டின் மிகப் பெரிய நகைச்சுவைத் தொடர்களில் ஒன்று. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. பதறிய சேனல் கை வைத்தது எபிசோட் வரிசையில்.

‘நைட் ஆஃப் தி டெட் லிவிங்’ என்ற எபிசோட் மூன்றாவதாக வர வேண்டியது. வெக்கையான ஓர் இரவு, குளிர்சாதனம் ஓடவில்லை, ஒரு கொலைத் தகவல்கூட வரவில்லை, துப்பறிவாளர்கள் அலுவலகத்திலேயே விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மெதுவாகப் போகிறது, ஆரம்பத்திலேயே ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று நினைத்த சேனல் அதை ஒன்பதாவதாக, சீசனின் கடைசிக்குத் தள்ளிவிட்டது. கடந்த செப்டம்பரில் ஒரு வெக்கையான இரவு என்ற பொருளில் தொடக்கத்தில் ஒரு வரியை மட்டும் ஒட்டிவைத்தார்கள்.

அந்த ஒரு வரி போதவில்லை. காரணம், சீசன் முழுவதும் ஓடுவது அடீனா வாட்சன் என்ற சிறுமியின் கொலை வழக்கு. புதிதாக வந்த துப்பறிவாளர் பேலிஸின் முதல் வழக்கு அதுதான். ஐந்தாவதாக ஒளிபரப்பான ‘த்ரீ மென் அண்ட் அடீனா’வில் பேலிஸும் சக துப்பறிவாளர் பெம்பிள்டனும் ஒரு சந்தேக நபரை விசாரணை அறையில் வைத்து இரவு முழுக்கக் கேள்வி கேட்கிறார்கள். ஏறத்தாழ முழு எபிசோடும் அந்த ஒரே அறை, மூன்றே பேர். அதை எழுதியதற்காக ஃபான்டனாவுக்கு எம்மி விருது கிடைத்தது. அந்த அறையிலிருந்து வெளியே வரும் பேலிஸ், உள்ளே போன பேலிஸ் இல்லை. ‘நைட் ஆஃப் தி டெட் லிவிங்’கில் இருப்பவரோ இன்னும் உள்ளே போகாத பேலிஸ், அடீனா வழக்கின் தடயங்களை நம்பிக்கையோடு துருவிக்கொண்டிருப்பவர். இதைக் கடைசியில் பார்த்தால் நடிகர் தவறாக நடிக்கிறார் என்றே தோன்றும். மூன்றாவதாகப் பார்த்தால், பின்னால் வரப்போகும் விசாரணைக்கு இது எவ்வளவு கச்சிதமான முன்னேற்பாடு என்று புரியும்.

வரிசை சரியா என்று நீங்களே சோதிக்கத் தொடருக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது: அலுவலகத்தில் தொங்கும் அந்த வெள்ளைப் பலகை. ஒவ்வொரு துப்பறிவாளர் பெயருக்குக் கீழும் இறந்தவர்களின் பெயர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் சிவப்பு மை, முடிந்தால் கறுப்பு மை. கேமரா அதைக் கடந்து போகும்போது நிறுத்தி, பேலிஸுக்குக் கீழே என்ன இருக்கிறது, இன்னொரு துப்பறிவாளரான ஹோவர்டுக்குக் கீழே சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கலைத்துப் போட்ட எபிசோட்களில் ஒரு பெயர் வரும், போகும், திரும்ப வரும். தொடரை உருவாக்கியவர்கள் வாரா வாரம் நினைவில் வைக்க வேண்டியது என்று கருதி எழுதிய பலகை அது. வரிசை மாறினால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

இரண்டாவது சீசன் நான்கே எபிசோட். என்பிசி தொடரை நிறுத்தவும் மனமில்லாமல், முழுதாக நம்பவும் மனமில்லாமல் வெள்ளோட்டமாகக் கேட்ட எண்ணிக்கை அது. 1994 ஜனவரியில், வியாழக்கிழமை இரவு 10 மணிக்கு. இங்கே செய்த மாற்றம் இன்னும் துணிச்சலானது. நான்காவதாக வர வேண்டிய ‘பாப் கன்’ எபிசோடில் ராபின் வில்லியம்ஸ் நடித்திருந்தார், குடும்பத்தோடு சுற்றுலா வந்த இடத்தில் மனைவியைக் கொலைக்குப் பறிகொடுக்கும் கணவராக. நட்சத்திரம் இருக்கும் எபிசோடைக் கடைசிவரை யார் வைத்திருப்பார்கள்? அதை முதலில் போட்டார்கள். கூட்டம் வந்தது. தொடர் தப்பிப் பிழைத்ததில் அந்த இரவுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆகவே சேனலை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் டிவிடியில் பார்க்கும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘சீ நோ ஈவில்’, ‘பிளாக் அண்ட் ப்ளூ’, ‘எ மெனி ஸ்ப்ளெண்டர்டு திங்’, அதன் பிறகு ‘பாப் கன்’ என்று பாருங்கள். முதல் இரண்டும் ஒரே வழக்கைத் தொடர்கின்றன, நடுவில் இடைவெளி விடாதீர்கள்.

சேனல் ஏன் இப்படி நடந்துகொண்டது என்பதற்கு ரேட்டிங் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் டிஆர்பி என்கிறோமே, அதேதான், அங்கே நீல்சன் நிறுவனம் எடுக்கிறது. இரண்டு எண்கள். டிவி உள்ள 100 வீடுகளில் 50 வீட்டில் டிவி ஓடுகிறது, அதில் 10 வீட்டில் நம் தொடர் ஓடுகிறது என்றால் ரேட்டிங் 10, ஷேர் 20. ரேட்டிங் எல்லா வீடுகளையும் வைத்து, ஷேர் அந்த நேரத்தில் டிவி பார்க்கும் வீடுகளை மட்டும் வைத்து. 1990களின் நடுவில் அமெரிக்காவில் டிவி உள்ள வீடுகள் ஏறக்குறைய 9.5 கோடி. எனவே ரேட்டிங்கில் ஒரு புள்ளி என்பது சுமார் 9.5 லட்சம் வீடு. இதைச் சில ஆயிரம் வீடுகளில் வைத்த மீட்டரை வைத்துக் கணித்தார்கள். அரைப் புள்ளி இறங்கினால் விளம்பரக் கட்டணம் இறங்கும், ஒரு புள்ளி இறங்கினால் தொடரே ஆட்டம் காணும்.

மூன்றாவது சீசனிலிருந்து கடைசிவரை, அதாவது 1994 அக்டோபர் முதல் 1999 மே வரை, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிதான் இதன் இடம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெள்ளி இரவு ஆள் குறைந்த நேரம். விளம்பரதாரர்கள் அதிகப் பணம் கொடுத்துத் தேடும் 18 முதல் 49 வயதுக்காரர்களில் பலர் வெளியே போயிருப்பார்கள். எதிரில் ஏபிசியின் ‘20/20’ செய்தி நிகழ்ச்சி. 1996 மார்ச்சில் சிபிஎஸ் அதே நேரத்துக்கு ‘நாஷ் பிரிட்ஜஸ்’ என்ற இன்னொரு போலீஸ் தொடரைக் கொண்டுவந்தது. பளபளப்பான சான் பிரான்சிஸ்கோ, வேகமான கார், நகைச்சுவை. வாரம் முழுக்க வேலை பார்த்து அலுத்தவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் மர்மம் இல்லை.

இருந்தும் இந்த வெள்ளிக்கிழமை நேரத்தைச் சாபம் என்று மட்டும் எழுதுவது சரியல்ல. வியாழக்கிழமை போன்ற முக்கிய இரவில் இதே எண்களோடு இருந்திருந்தால் இரண்டாவது ஆண்டே தூக்கியிருப்பார்கள். எதிர்பார்ப்பு குறைந்த நேரம் என்பதால்தான் ஐந்து சீசன் ஓடியது. படித்த, வருமானமுள்ள நகர்ப்புறப் பார்வையாளர்கள் விடாமல் பார்த்ததும், விமர்சகர்களின் பாராட்டும், மூன்று பீபடி விருதுகளும் சேனலுக்குத் தொடரை வைத்திருக்கக் காரணம் கொடுத்தன. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் இது கடைசி ஆண்டாக இருக்கலாம் என்ற நிலை. அந்தப் பதற்றம் திரையில் தெரிகிறது, பார்ப்பவர் அதை அடையாளம் காணலாம்.

மூன்றாவது சீசன்தான் வரிசையில் அதிகம் அடிபட்டது. முதல் மூன்று எபிசோட் ஒரே கொலைத் தொடரைப் பற்றியவை, மூன்றையும் ஒரே வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். பிரச்சினை நான்காவதில். ‘க்ரோசெட்டி’ என்ற எபிசோட் அந்த இடத்தில் வர வேண்டும். மனதைப் பிழியும் கதை, சேனல் தயங்கியது, அதற்குப் பின் வர வேண்டியவை முன்னால் போயின. கதை என்ன என்று இங்கே சொல்வது அநியாயம். ஒரு பாத்திரம் எங்கே போனார் என்பது குறித்து மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதமே அந்த மாற்றத்தால் பொருந்தாமல் போகிறது என்பதை மட்டும் சொல்லலாம். ‘க்ரோசெட்டி’, ‘தி லாஸ்ட் ஆஃப் தி வாட்டர்மென்’, ‘எ மாடல் சிட்டிசன்’, ‘ஹாப்பி டு பி ஹியர்’, ‘ஆல் த்ரூ தி ஹவுஸ்’ என்ற வரிசையே சரி.

அடுத்தது ‘நத்திங் பெர்சனல்’. இது ஒன்பதாவது. ஒளிபரப்பானதோ 1995 ஏப்ரலில், சீசன் முடியும் தறுவாயில். இதற்கு நடுவே, ‘தி சிட்டி தட் ப்ளீட்ஸ்’ என்று தொடங்கும் மூன்று எபிசோட் கதை ஒளிபரப்பாகிவிட்டது. பிரிவையே உலுக்கும் கதை அது, அதற்குப் பிறகு யாரும் பழையபடி இல்லை. அதை முடித்துவிட்டு ‘நத்திங் பெர்சனல்’ பார்த்தால் எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல் இருப்பார்கள். ஒரு வழக்கைக்கூடச் சிவப்பில் விடாத ஹோவர்டிடம் வேறொருவரின் பழைய வழக்கு வந்து சேர்வதுதான் இதன் மையம். பலகையின் முக்கியத்துவம் இதைவிடத் தெளிவாக வேறு எபிசோடில் இல்லை. அதனாலேயே இதைச் சரியான இடத்தில், அதாவது ‘ஆல் த்ரூ தி ஹவுஸ்’ முடிந்த கையோடு பார்க்க வேண்டும். டிவிடியில் மூன்றாவது சீசன் தயாரிப்பாளர்கள் நினைத்த வரிசையில் இருக்கிறது. ஆகவே இந்த சீசனுக்கு டிஸ்க்கை நம்பலாம், இணையப் பட்டியலை நம்பாதீர்கள். முதல் இரண்டு சீசனுக்கும் எண்ணைப் பார்க்காமல் மேலே சொன்னபடி தலைப்பைப் பார்த்துப் போடுங்கள். நான்காவது சீசனிலிருந்து இந்தக் கவலை இல்லை.

நான்காவதிலிருந்து வேறு மாதிரியான விளைவுகள். மூத்த நடிகர்கள் குறைந்து இளைய, லட்சணமான முகங்கள் வருவதைக் கவனிப்பீர்கள். மூன்றாவது சீசனோடு நெட் பீட்டியும் டேனியல் பால்ட்வினும் போய்விட்டார்கள். நெட் பீட்டியின் போலண்டர் போன்ற தொப்பையும் சலிப்பும் கொண்ட துப்பறிவாளரை வேறெந்தத் தொடரும் இவ்வளவு மரியாதையோடு காட்டியதில்லை, அந்த இழப்பை பின்னால் வந்த யாரும் ஈடுசெய்யவில்லை. ரீட் டயமண்ட் நடித்த கெல்லர்மேன் நல்ல சேர்ப்பு. ஆறாவது சீசன் முடிவில் ஆண்ட்ரே ப்ரௌகர் விலகினார். பெம்பிள்டனாக அவர் விசாரணை அறைக்குள் நடத்தியதற்கு 1998இல் எம்மி கிடைத்தது. அவர் இல்லாத ஏழாவது சீசன் பலவீனமானது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனாலும் கடைசி எபிசோடுக்காகப் பார்த்தே ஆக வேண்டும்.

சீசன் தொடக்கங்களைப் பாருங்கள்: நான்காவது ‘ஃபயர்’ இரண்டு பாகம், ஐந்தாவது ‘ஹாஸ்டேஜ்’ இரண்டு பாகம், ஆறாவது ‘பிளட் டைஸ்’ மூன்று பாகம். வந்தவர் அடுத்த வெள்ளியும் வர வேண்டுமே. அன்று வாரக்கணக்கில் காத்திருக்க வைத்த இவற்றைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதே இன்று நல்லது, குறிப்பாக ‘பிளட் டைஸ்’. அதே ஆறாவது சீசனின் ‘சப்வே’ எபிசோடை மட்டும் தனியாக, ஒரு மாலைக்கு அது ஒன்றே போதும் என்று ஒதுக்குங்கள். ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே சிக்கிய ஒருவரோடு பெம்பிள்டன் பேசும் எபிசோட் அது. வின்சென்ட் டி’ஓனோஃப்ரியோ நடித்தது. 1997க்கான பீபடி இதற்குத்தான்.

‘லா அண்ட் ஆர்டர்’ தொடரோடு சேர்ந்து மூன்று முறை கூட்டுக் கதை செய்தார்கள்: 1996 பிப்ரவரி, 1997 நவம்பர், 1999 பிப்ரவரி. இந்த மாதங்கள் தற்செயல் அல்ல. பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் ஆகிய நான்கும் ‘ஸ்வீப்ஸ்’ மாதங்கள். நாடெங்கும் உள்ளூர் நிலையங்களின் பார்வையாளரைக் கணக்கெடுத்து விளம்பர விலை நிர்ணயிக்கும் காலம். அந்த மாதங்களில்தான் எல்லாச் சேனல்களும் பெரிய வேட்டுகளை வெடிக்கும். முதல் பாதி புதன்கிழமை ‘லா அண்ட் ஆர்டர்’ நேரத்தில், மறுபாதி வெள்ளிக்கிழமை ‘ஹோமிசைட்’ நேரத்தில். அதிகம் பேர் பார்க்கும் தொடரிலிருந்து குறைவாகப் பார்க்கும் தொடருக்கு ஆட்களை இழுத்துவரும் ஏற்பாடு. புதன்கிழமையைத் தவறவிட்டவர்கள் வெள்ளியன்று பாதிக் கதையோடு உட்கார்ந்தார்கள்.

முழுத் தொகுப்பின் பெரிய பலன் இங்கேதான். ‘லா அண்ட் ஆர்டர்’ பாதிகளும் இதில் உண்டு. ‘சார்ம் சிட்டி’ பார்த்துவிட்டு ‘ஃபார் காட் அண்ட் கன்ட்ரி’. ‘பேபி, இட்ஸ் யூ’, ‘சைட்ஷோ’ இரண்டுக்கும் ஒரே தலைப்பு, முதல் பாகம் நியூயார்க், இரண்டாம் பாகம் பால்டிமோர். டிஸ்க்கில் அவை வேறு இடத்தில் இருந்தால் ‘ஹோமிசைட்’ பாகத்துக்கு முன் எழுந்துபோய் மாற்றிப் போடும் சிரமத்தைத் தயவுசெய்து படுங்கள்.

இனி டிவிடியா, ஸ்ட்ரீமிங்கா. பாடல் உரிமைச் சிக்கலால் பல ஆண்டு எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லாமல் இருந்த தொடர் 2024 ஆகஸ்ட் 19 அன்று பீகாக்கில் வந்தது. படச்சுருளிலிருந்து மறுபடி எடுத்த தெளிவான பிரதி, 4கேவிலும் உண்டு. ஆனால் சில பாடல்களை மாற்றியிருக்கிறார்கள். இந்தத் தொடரில் பாடல் பின்னணி ஒலி அல்ல, பேச்சே இல்லாமல் வழக்கு நகரும் நிமிடங்களைப் பாடல்தான் சுமக்கும். அதனால் இது சின்னக் குறை இல்லை. பீகாக் அமெரிக்காவுக்குள் மட்டுமே.

டிவிடி பழைய 4:3 சட்டகம், சாதாரணத் தெளிவு. 16 எம்எம் படச்சுருளின் புள்ளிகள் பெரிய திரையில் நன்றாகத் தெரியும், அது இயல்புதான். டிவியில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். படத்தை அகலமாக இழுக்கும் அமைப்பை அணைத்து 4:3 வைக்கவும். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைக்கவும், ஏனென்றால் இந்தத் தொடரில் ஒரே வசனம் இரண்டு மூன்று கோணத்தில் வெட்டி வெட்டி வரும், அந்த அமைப்பு இருந்தால் வெட்டுகள் குழைந்துபோகும்.

டிவிடிகளை உலகின் பகுதிவாரியாகப் பூட்டி விற்பார்கள், அந்தப் பகுதி எண்தான் ரீஜன். இந்தத் தொகுப்பு ரீஜன் 1. டொரன்டோவில் இருப்பவர்களுக்குச் சிக்கலே இல்லை. இந்தியா ரீஜன் 5, சிங்கப்பூர், மலேசியா ரீஜன் 3, இங்கிலாந்து ரீஜன் 2. இங்கெல்லாம் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும். கணினி டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். பிற நாட்டு டிஸ்க்குகளும் பார்ப்பவர் என்றால் இதற்கென்று விலை குறைந்த ஒரு தனி டிரைவை ரீஜன் 1இல் வைத்துவிடுவது நல்லது. வாங்கியதும் 35 டிஸ்க்கையும் எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றையும் சில நிமிடம் ஓட்டிவிடுங்கள். ஐந்தாவது சீசனில் ஒரு கீறலைக் கண்டுபிடிக்கும்போது திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.

கடைசியில் உள்ள தொலைக்காட்சிப் படம் 2000 பிப்ரவரி 13 அன்று வந்தது. பழைய நடிகர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். 1999 மே 21 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோட் ‘ஃபர்கிவ் அஸ் அவர் ட்ரெஸ்பாஸஸ்’ ஒரு கேள்வியோடு நின்றுவிடும், விடை படத்தில் இருக்கிறது. அன்று பார்த்தவர்கள் ஒன்பது மாதம் காத்திருந்தார்கள். அதற்குள் இந்தத் தொடரில் ரிச்சர்ட் பெல்சர் நடித்த துப்பறிவாளர் மன்ச் நியூயார்க்குக்குப் போய், ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரின் கிளையாக 1999 செப்டம்பரில் தொடங்கிய ‘ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்’டில் வேலையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் கடைசி எபிசோடையும் படத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்துவிட்டு, மன்ச்சைத் தேடி அந்தப் பக்கம் போங்கள்.